காமன் லிஸ்ப்புக்குப் புது ஆட்களைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இது: "சில ஆண்டுகளாகக் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த மொழி. கூட வேலை செய்பவர்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் பக்கத்தில் வருவதில்லை. 'இவ்வளவு அடைப்புக்குறியா?', 'அது செத்துப்போன மொழியாச்சே', 'படித்தால் வேலை கிடைக்குமா?' என்று மூன்றில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். புதியவர்களை இழுக்க என்னதான் செய்வது?"

அந்த மூன்று கேள்விக்கும் நல்ல பதில்கள் உண்டு, உங்களுக்கும் அவை தெரிந்திருக்கும். ஆனால் வாதத்தைக் கேட்டு மனம் மாறி ஒரு மொழிக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தன் கையால் ஒன்றை எழுதி, அது ஓடி, 'அட, இது நன்றாக இருக்கிறதே' என்று தோன்றியவர்கள்தான் தங்குகிறார்கள். அதனால் உங்கள் உழைப்பெல்லாம் ஓர் இடத்தில் போகட்டும்: ஒருவர் 'சரி, பார்க்கலாம்' என்று சொன்ன நிமிடத்துக்கும், அவர் கணினியில் உருப்படியாக ஏதாவது ஓடும் நிமிடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறையுங்கள். பழைய மொழிகள் ஆட்களை இழப்பது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான்.

லிஸ்ப்காரர்களிடம் பெருமைக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த மொழிக் குடும்பம். நினைவகத்தைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் உத்தி பிறந்தது இங்கேதான். 1999-இல் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைச் சில நாட்கள் தானாக இயக்கிப் பார்த்த மென்பொருள் லிஸ்ப்பில் எழுதியது. கூகுள் 70 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஐடிஏ நிறுவனத்தின் விமானக் கட்டணத் தேடல் ஓடியதும் காமன் லிஸ்ப்பில். எல்லாம் உண்மை, எல்லாம் எனக்கும் பிடித்த கதைகள். ஆனால் கேட்பவர் மனதில் ஓடுவது வேறு: 'நாளைக் காலைக்குள் நான் ஒரு சிஎஸ்வி கோப்பைப் பிரித்துக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கு இது உதவுமா?' விண்கலக் கதையில் அதற்குப் பதில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் உங்கள் மொழியை உயர்த்திப் பேசும்போது, பத்து வருடமாகப் பைத்தானில் பிழைப்பு நடத்துபவர் காதில் 'நீ இதுவரை செய்ததெல்லாம் மட்டம்' என்றுதான் விழும். அதற்குப் பிறகு அவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார், தன் தரப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

இப்போது அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நண்பர் ஒருவர் காமன் லிஸ்ப் நிரல்களை ஓட்டும் எஸ்பிசிஎல்லை நிறுவி டெர்மினலில் திறக்கிறார் என்று வையுங்கள். ஒரு நட்சத்திரக் குறி வந்து நிற்கிறது. (+ 2 3) என்று அடிக்கிறார், 5 வருகிறது. நல்லது. அடுத்து ஏதோ ஒரு மாறியின் பெயரைத் தப்பாக அடித்துவிடுகிறார். திரையில் கடகடவென்று பத்துப் பதினைந்து வரிகள் கொட்டுகின்றன. நட்சத்திரத்தைக் காணோம், அதன் இடத்தில் 0] என்று நிற்கிறது. என்ன ஆயிற்று என்று புரியாமல் வேறு எதையோ அடிக்கிறார், அதுவும் தப்பு. இப்போது 0[2] என்கிறது. அப்புறம் 0[3]. ஒவ்வொரு தப்புக்கும் இன்னும் ஆழமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறார், வெளியே வரும் வழி தெரியவில்லை. முன்பு அடித்த வரியைத் திருத்தலாம் என்று மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தினால் அந்த வரி வருவதற்குப் பதில் புரியாத குறிகள் வந்து விழுகின்றன. டெர்மினலை மூடிவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் நீங்கள் கேட்டால், 'அடைப்புக்குறி ஒத்துவரவில்லை' என்பார். அவருக்குச் சொல்லத் தெரிந்த காரணம் அது. அவரைத் துரத்தியது அந்த 0[3].

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அவரை விரட்டிய அந்த 0] தான் காமன் லிஸ்ப்பின் மிகப் பெரிய சொத்து என்பது. அவர் விழுந்தது டிபக்கருக்குள், அதாவது பிழை வந்த இடத்தில் நிரலை நிறுத்தி ஆராய உதவும் கருவிக்குள். அது அவருக்கு உதவி செய்யத்தான் வந்தது. யாரும் அறிமுகப்படுத்திவைக்காததால் பூட்டிய அறையாகத் தெரிந்தது.

ஆகவே முதல் மணி நேரத்தில் நீங்கள் செய்து காட்ட வேண்டிய ஒரே காரியம் அந்த டிபக்கர்தான். மேக்ரோ (நிரலை எழுதும் நிரல்) வேண்டாம், சிலாஸ் என்ற பொருள்நோக்கு அமைப்பு வேண்டாம், 'நிரலே தரவு, தரவே நிரல்' என்ற தத்துவமும் அன்றைக்கு வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்: அவருடைய சொந்தக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பதிவுகள் இருக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு பதிவாகப் படித்து ஏதோ கணக்குப் போடும் சிறிய நிரலை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். ஏழாயிரத்தைத் தாண்டியதும் ஒரு பதிவில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அவருக்குப் பழக்கமான மொழியில் அங்கே நிரல் செத்துவிடும். பிழைச் செய்தியைப் படித்து, திருத்தி, முதல் பதிவிலிருந்து மறுபடி ஓட்டுவார். இங்கே நிரல் அந்தப் பதிவிலேயே நின்றபடி கேட்கிறது: மறுபடி முயலவா, இந்தப் பதிவைத் தாண்டிப் போகவா, முழுவதுமாக நிறுத்திவிடவா? அவர் எடிட்டருக்குப் போய்த் தவறான ஃபங்ஷனைத் திருத்தட்டும். அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் கம்பைல் செய்யட்டும். திரும்பி வந்து 'மறுபடி முயல்' என்பதன் எண்ணை அழுத்தட்டும். அதே பதிவிலிருந்து, புதிய ஃபங்ஷனோடு, வேலை தொடர்கிறது. முடித்துவைத்த ஏழாயிரமும் அப்படியே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்த பலருடைய முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் ஓட வேண்டிய ஒரு நிரல் விடியற்காலையில் செத்துப்போன அனுபவம் உள்ளவராக இருந்தால் நீங்கள் மேலே ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: 'மறுபடி முயல்', 'தாண்டிப் போ' என்ற அந்த வழிகள் தாமாக முளைப்பதில்லை. ரீஸ்டார்ட்-கேஸ் என்ற அமைப்பில் நான்கைந்து வரிகளை முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். அதை மறைத்துவிட்டு வித்தை காட்டினால், அவர் தனியாக உட்கார்ந்து செய்து பார்க்கும்போது வேலை செய்யாது, உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். 'ஜூபிட்டர் நோட்புக்கிலும் இதைச் செய்யலாமே' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. நிரலைத் துண்டு துண்டாக ஓட்டும் அந்த நோட்புக்கில் மாறிகளின் மதிப்புகள் தங்கும். ஆனால் பிழை வந்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷன்களின் அடுக்கு கலைந்துவிடும். காமன் லிஸ்ப்பில் அந்த அடுக்கு கலைவதற்கு முன்பே உங்களிடம் முடிவு கேட்கப்படுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

இந்த முதல் மணி நேரம் ஒழுங்காக நடக்க, நீங்கள் முன்பே செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. எஸ்பிசிஎல்லையும், லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) இறக்கித் தரும் குவிக்லிஸ்ப்பையும் ஒரே அடியில் நிறுவும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுங்கள். டெர்மினலில்தான் திறப்பார் என்றால், முன்பு அடித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவரும் ஆர்எல்ராப்போடு சேர்த்தே திறக்கும்படி வையுங்கள், அம்புக்குறித் தொல்லை தீர்ந்தது. எடிட்டர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் மிகவும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஈமாக்ஸ் எடிட்டரும் அதற்கான லிஸ்ப் நீட்சியான ஸ்லைமும் சேர்ந்தால் கிடைக்கும் சுகம் வேறெங்கும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன், நானும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் புதிய மொழி கற்க வந்தவரிடம் புதிய எடிட்டரையும் சேர்த்துக் கொடுப்பது ஒரே நாளில் இரண்டு மலை ஏறச் சொல்வது. விஎஸ் கோடில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும், அதற்கு அலைவ் என்ற நீட்சி இருக்கிறது. விம்காரருக்கு விலைம் இருக்கிறது. அவை ஸ்லைம் அளவுக்கு வராது, முதல் மாதத்துக்குப் போதும். மொழி பிடித்துப்போனால் ஈமாக்ஸைப் பற்றி அவரே வந்து கேட்பார்.

அடைப்புக்குறியைப் பற்றி அதிகம் பேசாதீர்கள். எடிட்டர் தானாகவே அவற்றைச் சமன் செய்யும்படி வைத்துவிட்டு, 'உள்தள்ளலைப் பார்த்துப் படியுங்கள், குறிகளை எண்ணாதீர்கள்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். ஓரிரு வாரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்த தடை லைப்ரரி. ஜேசான் வடிவத் தரவைப் படிக்க என்ன இருக்கிறது என்று புதியவர் கேட்டால் நம்மவர்கள் ஆறேழு பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றின் நிறைகுறைகளையும் விளக்கத் தொடங்கிவிடுவார்கள். தெரிந்தவருக்கு அது விருந்து. வந்த இரண்டாம் நாளில் இருப்பவருக்கு அது தலைவலி. ஒன்றைச் சொல்லுங்கள்: 'ஜேசானுக்கு ஜேஜான் எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்திலிருந்து எடுக்க டெக்ஸடார், த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுவது) வேண்டுமானால் போர்டோ-த்ரெட்ஸ்.' அவ்வளவுதான். உங்கள் தேர்வு எல்லோருக்கும் சிறந்ததாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை. அவருக்கு இப்போது தேவை முன்னேறிப் போக ஒரு வழி.

இங்கேதான் 'செத்துப்போன மொழி' என்ற பேச்சும் உண்மையில் முளைக்கிறது. புதியவர் ஒரு லைப்ரரியைத் திறந்து பார்க்கிறார், கடைசித் திருத்தம் ஏழு வருடத்துக்கு முன்பு. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்திலிருந்து வந்தவருக்கு அது பிணம். ஆனால் காமன் லிஸ்ப்பின் தரநிலை 1994-இல் முடிவானது, அதற்குப் பிறகு மாறவில்லை. மொழி காலடியில் நகராதபோது, ஒரு லைப்ரரி தன் வேலையை முடித்துவிட்டு அமைதியாக இருக்கலாம். தொண்ணூறுகளில் எழுதிய நிரலை இன்றைய எஸ்பிசிஎல்லில் ஓட்டிக் காட்டுங்கள். அந்த எஸ்பிசிஎல்லுக்கு மாதம்தோறும் புதிய பதிப்பு வருவதையும் காட்டுங்கள். தரநிலை நகராததற்கு ஒரு விலையும் உண்டு: த்ரெட், நெட்வொர்க் போன்றவை அதற்குள் இல்லை, ஆளுக்கு ஆள் லைப்ரரி எழுதி நிரப்பினார்கள், அதனால்தான் ஜேசானுக்கு ஆறேழு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நம்புவார்.

வேறு மொழிகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது இங்கே மிகவும் உதவும். ரூபி 1995-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் அழகைத் தெரிந்தவர்கள் அப்போதே புகழ்ந்தார்கள், ஆனாலும் பல வருடங்கள் அது சிலருக்கு மட்டும் தெரிந்த மொழியாகவே இருந்தது. 2004-இல், ரூபியில் வலைச் செயலிகளைக் கட்ட உதவும் ரெயில்ஸ் வந்தது. மறு வருடம் அதை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவுச் செயலியைக் கட்டிக் காட்டிய வீடியோ பரவியது. அதைப் பார்த்து வந்தவர்கள் ரூபியைத் தேடி வரவில்லை, அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தேடி வந்தார்கள். வந்த பிறகு ரூபியில் தங்கினார்கள்.

எர்லாங்கின் கதை இன்னும் நெருக்கமானது. 1986-இல் எரிக்சனில் தொடங்கி, 1998-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி. ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளைத் தாங்குவதில் கெட்டி, வாட்ஸ்அப்பே அதன்மேல்தான் எழுந்தது. இருந்தும் புதியவர்கள் மிரண்டார்கள். ரூபி உலகத்திலிருந்து வந்த ஜோசே வாலிம் அதே எர்லாங் மெய்நிகர் இயந்திரத்தின்மேல் எலிக்ஸிரைக் கட்டினார். எலிக்ஸிர் வெற்றி பெற்றது அதன் எழுத்துமுறை ரூபி சாயலில் இருந்ததால் என்று பலரும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் என் கணிப்பில் அதற்குச் சமமான பங்கு மிக்ஸ் என்ற கருவிக்கு உண்டு. ஒரே கட்டளையில் புது ப்ராஜெக்ட், ஒரே கட்டளையில் லைப்ரரிகள், ஒரே கட்டளையில் சோதனைகள். அதோடு, மொழியின் ஒரு பகுதியாகவே மதித்து எழுதிய ஆவணங்கள். உள்ளே இருந்த இயந்திரம் அதேதான், வாசலைத்தான் புதிதாகக் கட்டினார்கள்.

எழுத்துமுறையைத் தொடாமலே வாசலைக் கட்டலாம் என்பதற்கு ஃபோர்ட்ரான் சாட்சி. முதல் கம்பைலர் 1957-இல் வந்த மொழி அது. 2020-இல் சில ஆர்வலர்கள் கூடி அதற்கு ஒரு பொது முகவரி, எஃப்பிஎம் என்ற பேக்கேஜ் மேனேஜர், எல்லோரும் சேர்ந்து எழுதும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார்கள். யாரும் ஃபோர்ட்ரானை வேறு மொழியாக்கவில்லை. புதிதாக வருபவர் எங்கே போவது, எதை அடிப்பது என்பதற்கு ஒரு பதில் ஏற்படுத்தினார்கள்.

மொழியையே மாற்றி ஆட்களை இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் பெர்லை நினைவுபடுத்துங்கள். ஆறாம் பதிப்பு வரப்போகிறது என்று 2000-இல் அறிவித்தார்கள். வந்தது 2015 கடைசியில். வந்தது உண்மையில் வேறொரு மொழி என்பதால் 2019-இல் ராகு என்று பெயர் மாற்றினார்கள். ராகு நல்ல மொழிதான். ஆனால் நடுவில் போன பதினைந்து வருடங்களில், அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தவர்களும் வேறு வழி பார்த்துக்கொண்டு போனார்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: காமன் லிஸ்ப் வேலைகள் மிகக் குறைவு. ஆங்கில எழுத்தைத் திருத்தித் தரும் கிராமர்லி போன்ற சில இடங்களில் அது பயன்பட்டிருக்கிறது, அதை வைத்து ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை. வேலைக்காகவே ஒரு மொழி தேடுபவரை இங்கே இழுத்து வராதீர்கள். அவருக்கும் நேரம் வீண், நமக்கும் கெட்ட பெயர். ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருந்து, கையில் ஒரு குடைச்சலோடு இருப்பவரைப் பாருங்கள். நீண்ட நேரம் ஓடும் கணக்கு வைத்திருப்பவர், விளையாட்டை நிறுத்தாமலே அதன் விதிகளை மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர், கணிதம் செய்பவர். இயற்கணிதம் போடும் மேக்ஸிமா காமன் லிஸ்ப்பில் எழுதியது. 2023-இல் வெளிவந்த காண்ட்ரியா என்ற விளையாட்டும் அப்படித்தான். அவரவர் துறைக்கு ஏற்றதைக் காட்டுங்கள்.

இன்னும் நல்ல வழி, மொழியின் பெயரையே சொல்லாமல் ஒரு கருவியைக் கொடுப்பது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்குத் தரவை மாற்றப் பலரும் பயன்படுத்தும் பிஜிலோடர் காமன் லிஸ்ப் நிரல். முன்பு பைத்தானில் இருந்ததை மாற்றி எழுதினார்கள். அதைப் பயன்படுத்துபவர்களில் பலருக்கு அது எதில் எழுதியது என்றே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் குழுவுக்குத் தினமும் தொல்லை தரும் ஒரு சின்ன வேலையை எடுத்து, அதற்கு ஒரு கருவி எழுதி, ஒரே இயங்கு கோப்பாகக் கொடுங்கள். எஸ்பிசிஎல்லில் அது எளிது. கோப்பு சில பத்து எம்பி பருமனாக இருக்கும், யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து 'இதில் ஒரு வசதி கூடுதலாக வேண்டுமே' என்று ஒருவர் வருவார். அவரிடம் நிரலைத் திறந்து, எந்த ஃபங்ஷனைத் தொட வேண்டும் என்று காட்டுங்கள். அவரைவிட நல்ல புதியவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

வந்தவர்களிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி பேரை நாம் இங்கேதான் தொலைக்கிறோம். 'ஃபார் லூப் எப்படி எழுதுவது?' என்று ஒருவர் கேட்டால், 'லூப் எதற்கு, ரிகர்ஷனில் யோசியுங்கள்' என்று பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். காமன் லிஸ்ப்பில் லூப் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. எழுதிக் காட்டிவிட்டுப் போங்கள். அவருடைய முதல் நிரல்கள் அடைப்புக்குறி போட்ட பைத்தானாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஓடுகிறதா, அவருக்குப் பயன்படுகிறதா, அது போதும். நடை தானாக வரும். மேக்ரோவை அவருக்கே தேவைப்படும் நாளில் காட்டுங்கள். ஒரே மாதிரியான எட்டு வரியை மூன்றாவது முறை எழுதிவிட்டு அவர் சலித்துக்கொள்ளும் நாள் அது. இரண்டாம் வாரத்தில் ஒருமுறை நீங்களாகவே போய், 'எங்கே நிற்கிறது?' என்று கேளுங்கள். அந்த வாரத்தில்தான் பெரும்பாலும் கைவிடுகிறார்கள்: முதல் உற்சாகம் வடிந்திருக்கும், சொந்தமாகத் தீர்க்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று. லிஸ்ப் தெரியாத ஒரு நண்பரை உட்காரவைத்து, நீங்கள் எழுதிய நிறுவல் குறிப்பைக் கொடுத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். உதவி செய்யக் கை துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் எங்கெல்லாம் நின்றார், எங்கே பின்னால் போய் மறுபடி படித்தார், எந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து முகம் சுளித்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் முதல் மூன்று நான்கு தடைகளுக்கும் மொழிக்கும் சம்பந்தமே இருக்காது. விடுபட்ட ஒரு கட்டளை, காலாவதியான ஓர் இணைப்பு, எல்லோருக்கும் தெரியும் என்று நீங்கள் விட்டுவிட்ட ஒரு படி, இப்படித்தான் இருக்கும். அவற்றைச் சரிசெய்துவிட்டு, வேறொரு நண்பரை உட்காரவையுங்கள். ஒரு லைப்ரரியின் ஆவணத்தில் அவர் தடுக்கினால், அந்தத் திருத்தத்தை எழுதி அந்த லைப்ரரிக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். அவர்களில் பலர் தனி ஆளாக, சொந்த நேரத்தில் பராமரிப்பவர்கள். மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள்.